முந்நூற்று நாற்பது மைக்ரான்

காசெல் நகரம். நவம்பர். சிவப்பு விளக்கு.
நான் நின்றுகொண்டிருந்தேன்.
ரொட்டிக்கடை வேன் நிற்கவில்லை.

அவ்வளவுதான் விபத்து.
கொஞ்சம் கண்ணாடி, சாலையெங்கும் எள் தூவிய பன்கள்,
மன்னிப்பு மன்னிப்பு என்று நடுங்கிய ஒரு பையன்.

பட்டறையில் பதினொரு நாள்.
திரும்பி வந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.
அதே சாம்பல் நிறம், அதே மினுக்கம்.
கதவைச் சாத்தும்போது மட்டும்
முன்பு இல்லாத ஒரு மரியாதையான சத்தம்.

மதிப்பீட்டாளர் ஃபோல்க்மார் டீட்ஸ்
நகைக்கடைக்காரர் உரைகல்லை எடுப்பதுபோல
உள்ளங்கையளவு கருவி ஒன்றை எடுத்தார்,
தகடு தகடாக வைத்துப் பார்த்தார்.
நூற்றுப்பத்து. நூற்றுப்பதினெட்டு. நூற்றுப்பன்னிரண்டு.
பின்கதவில் முந்நூற்று நாற்பது.
"பெயிண்ட் பேசிவிட்டது" என்றார்.
மாற்றுக் குறைந்ததற்கு
எண்ணூற்றைம்பது யூரோ என்று எழுதிக் கொடுத்தார்.

காப்பீட்டுக் கம்பெனி பதில் போட்டது:
தங்கள் வாகனத்துக்கு வயது ஆறு.
முறையாகப் பழுதுபார்க்கப்பட்டுள்ளது.
ஆகவே இழப்பு ஏதுமில்லை.
மேலும், தாங்கள் அதை விற்கவும் இல்லை.

விற்காத பொருளுக்கு விலை குறையுமா?
மூன்றாம் மாடி வார்டில், இரவுப் பணியில்,
அந்தக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.
ஏழாம் படுக்கையில் கூரை வேலைக்காரர் ஹார்ட்முட்.
எலும்பு கூடிவிட்டது, எக்ஸ்ரே சுத்தம்.
மின்விளக்கு மாற்ற ஏணி வந்தால்
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

நாலு கடிதம், ஒரு வக்கீல், வக்கீலின் இருமல்.
ஐந்நூற்றெண்பதில் முடிந்தது.
பாதி, பனிக்காலச் சக்கரங்களுக்குப் போனது.
மீதி எங்கே போனதென்று தெரியவில்லை;
பணம் அப்படித்தான்.

மறு ஏப்ரலில் விற்க நேர்ந்தது.
வாங்க வந்தவன் யோரிஸ், தச்சுவேலை பழகுபவன்,
நகக்கண்ணில் மரத்தூள்.
ஒப்பந்தத் தாளில் அந்தக் கட்டம்:
விபத்து கண்ட வண்டியா?
பேனா கொஞ்சம் யோசித்தது. ஆம் என்றேன்.

"எங்கே?"
மரத்தைத் தடவுகிற கையால்
வண்டி முழுக்கத் தடவினான், அகப்படவில்லை.
அவன் சுட்டுவிரலைப் பிடித்து
பின்கதவில், கைப்பிடிக்குச் சற்றுக் கீழே வைத்தேன்.
"இங்கே."

கண்ணை மூடிக்கொண்டான்.
"ஒன்றுமே இல்லையே" என்றான்.

பிறகு
எழுநூறு குறைத்துக் கேட்டான்.