கவுன்சிலர் வராத நாள்

முதலில் கண்ணில் பட்டது அவனுடைய மார்ஜின்.
அடிமட்டம் வைத்துக் கோடு போடுகிற பையன்
அக்டோபரில் கோட்டைத் தாண்டினான்.
நவம்பரில் கோடே இல்லை.
எழுத்து சிறுத்துக்கொண்டே போனது,
யாரும் படித்துவிடக் கூடாது என்று
எழுதுகிறவன் எழுதுவதுபோல.

பிறகு கால்குலேட்டரைப்
பக்கத்து மேசைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டான்.
"வச்சுக்கோ. எனக்கு வேண்டாம்."
ஹாக்கி மட்டையை வேறு யாருக்கோ.
பத்தாம் வகுப்பில் ஒருவன் திடீரென்று வள்ளலாவது
நல்ல செய்தி இல்லை.

ஆசிரியர் அறையில் சொன்னேன்.
"ஈரோ லெஹ்டினெனா? அவன் எப்பவும் அப்படித்தான்"
என்றார் மரவேலை ஆசிரியர், சாண்ட்விச்சைப் பிரித்தபடி.
எப்படி என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.
அந்தக் கேள்வி இன்னும் என் வாயில் இருக்கிறது.

இதற்கென்று ஒரு படிவம் உண்டு.
கோபம், அழுகை, மிரட்டல், வராமல் போதல்:
கட்டத்தில் டிக் போட வேண்டும்.
அவனிடம் நான்கும் இல்லை.
'மற்றவை' என்ற இடத்தில்
மார்ஜின் என்று எழுதி, அழித்தேன்.
தப்பான பெயரைச் சூட்டிவிட்டால்
அதைச் சுமந்துகொண்டு காரிடாரில் நடக்கப் போவது
நான் இல்லையே.

அன்றைக்கு லாக்டவுன் பயிற்சி.
விளக்கணைத்துக் கதவைப் பூட்டி
சிங்க் ஓரமாய்க் குந்தியிருந்தோம் இருபத்தேழு பேர்.
கிசுகிசுப்பு. யாருடைய வயிறோ உறுமியது; சிரிப்பு.
எல்லாரும் கதவைப் பார்க்க
ஈரோ மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
ஒவ்வொருவராக.

மணி அடித்ததும் சொன்னேன்:
"டெஸ்ட் ட்யூப் கழுவ ஆள் வேணும். நீ இரு."

கவுன்சிலர் எங்களுக்குச் செவ்வாயும் வியாழனும்தான்.
மூன்று பள்ளிகளுக்கு ஒருவர், அவர்மேல் பிழையில்லை.
இன்று வெள்ளி.

தண்டர் பேயில் குழாயில் வெந்நீர் வர நேரமாகும்.
ஒரு பஸ் போயிற்று. அடுத்ததும் போயிற்று.
ஏரிப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.
"ராத்திரி தூங்குறியா?"
சுத்தமாகிவிட்ட குழாய்க்குள்
பிரஷ்ஷை விட்டுத் திருகிக்கொண்டே இருந்தான்.

உன்னையோ வேறு யாரையுமோ
காயப்படுத்தத் தோன்றுகிறதா?
சுற்றி வளைக்காமல் கேட்கவேண்டும் என்று
பயிலரங்கில் சொல்லித் தந்திருந்தார்கள்.
சுற்றி வளைக்காமல்தான் கேட்டேன்.
குரல்தான் எங்கெங்கோ வளைந்து போய் வந்தது.

ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கினான்.
கதவுக்கு எத்தனை எட்டு என்று
என் கால்கள் தாமாக அளந்தன.
அதை நினைத்தால் இன்றும் வெட்கம்.
வெட்கப்படக் கூடாது என்றும் தெரியும்.

இருநூற்றைம்பது மில்லி பீக்கருக்குள்
ஏதோ விழுந்து கிணுங்கியது.

பித்தளைச் சாவி.

"மாமாவோட துப்பாக்கி அலமாரி. மூஸ் வேட்டைக்குப் போவார்.
திங்கள் வரைக்கும் வச்சிருங்க, மிஸ் செண்பா."

"திங்கள் வரைக்கும் முடியாது. இப்பவே போன் பண்ணப் போறேன்.
பண்ணும்போது நீ பக்கத்துல இருக்கணும்."

"தெரியும்" என்றான்.
"அதனாலதான் உங்ககிட்ட."

அப்புறம் துணைத் தலைமையாசிரியை, இரண்டு காவலர்கள்,
பனி ஒட்டிய பூட்ஸோடு
வாசலிலேயே நின்று அழுத மாமா.
ஈரோ என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனான்.
இப்போது வேறு பள்ளி என்கிறார்கள்.
ஒருவேளை என்னை வெறுக்கிறானோ என்னவோ.
வெறுக்கட்டும்.
வெறுப்பதற்கு அவன் இருக்கிறான்.

திங்கட்கிழமைச் செய்தித்தாளில்
எங்கள் பள்ளியின் பெயர் எங்குமே இல்லை.
மோல் கணக்கு நடத்தினேன்.
இருபத்தைந்து பேர் கொட்டாவி விட்டார்கள்.
ஒவ்வொரு கொட்டாவியையும் எண்ணினேன்,
உண்டியல் காசு எண்ணுகிறவள்போல.

நடக்காத ஒன்றை யாருக்கு எடுத்துக் காட்டுவது?
அந்தப் பீக்கரையாவது காட்டலாம் என்று போனேன்.
யாரோ கழுவி அடுக்கிவிட்டிருக்கிறார்கள்.
பன்னிரண்டு இருக்கின்றன அலமாரியில்.
எது என்று தெரியவில்லை.