பதினொன்று

சுழற்றி எடுத்தால் ரத்தம் இரண்டாகப் பிரியும்.
அடியில் சிவப்பு.
மேலே, தெளிந்த வைக்கோல் நிறம் இருக்க வேண்டும்.
வால்தேமாரின் குழாயில் கஞ்சித் தண்ணீர்.

தக்குவாரெம்போவில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்
அவருடைய கசாப்புக் கடை.
சனிதோறும் விலா எலும்பு வாங்குகிறேன்.
கொழுப்பைச் சீவாமல் கட்டித் தருவார்,
"அதுலதானே ருசி" என்று.

இருநூற்று அறுபத்தெட்டு என்றது எந்திரம்.
அச்சடித்து, மடித்து, உறையில் ஒட்டி
டாக்டருக்கு அனுப்புவதோடு என் வேலை முடிகிறது.
எண்ணைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

டாக்டர் மாத்திரை எழுதினார்.
வால்தேமார் அதைக் கல்லாப்பெட்டியில்
செல்லாத நோட்டுகளுக்கு அடியில் வைத்தார்.
"மர்சேலா குடிக்கிறேன்" என்றார்,
கத்தியைத் தீட்டிக்கொண்டே.

மஞ்சள் பூ. குன்றுச் சரிவில் யாரும் விதைக்காமல் வருவது.
காய்ந்த பிறகும் நிறம் விடாது.
தெர்மாஸில் இரண்டு கொத்து போட்டு
அந்தத் தண்ணீரையே மாத்தேயில் ஊற்றி
கடை திறந்ததிலிருந்து உறிஞ்சுகிறார்.
கசக்காதா?
"கசக்கலேன்னா வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்?"

மூன்று மாதம் கழித்து
அதே கை, அதே நரம்பு.
இருநூற்று ஐம்பத்தேழு.

பதினொன்று.
பதினொன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?
ஒரே ரத்தத்தை இருமுறை கொடுத்தாலே
இந்த எந்திரம் ஐந்தாறு தள்ளிச் சொல்லும்.
பூவாக இருக்கலாம்.
மகள் சண்டை போட்டு நிறுத்திய சொரிசோவாக இருக்கலாம்.
வண்டி பழுதான பதினைந்து நாள்
வீட்டுக்கும் கடைக்கும் நடந்த நடையாக இருக்கலாம்.
மாத்திரையாக மட்டும் இருக்க முடியாது,
அது நோட்டுகளோடு தூங்குகிறது.

"இறங்கிச்சா?"
நாய்க்கென்று ஒரு எலும்பை நீட்டியபடி
கண்ணாடித் தடுப்புக்கு மேல் எக்கிக் கேட்டார்.
தலையை ஆட்டினேன்,
ஆம் என்றா இல்லை என்றா
எனக்கே பிடிபடாதபடி.

மறுநாள் விலைப்பலகையில்
கிட்னிக்கும் நாக்குக்கும் கீழே
சாக்பீஸில் புதிதாக ஒரு வரி:
மர்சேலா, இலவசம், கொழுப்புக்கு.
சந்து முனைவரை வரிசை.
நானும் நின்று ஒரு கொத்து வாங்கினேன்.
என் தலையாட்டலுக்கு இவ்வளவு தூரம் கால் முளைக்கும் என்று
நினைக்கவில்லை.

அன்று இரவு ஆய்வகக் கதவைச் சாத்திவிட்டு
என் கையில் நானே ரப்பர் பட்டை கட்டினேன்.
பல்லால் இழுத்து முடிச்சு.
பத்தொன்பது வருடம் ஊரார் ரத்தம் பார்த்தவள்
என்னுடையதைப் பார்த்ததில்லை.
குழாயில் கலங்கலே இல்லை. தெளிந்த வைக்கோல்.
கண் சொன்னதை எந்திரம் ஒப்பவில்லை.
எந்த எண் என்று இங்கேயும் எழுதமாட்டேன்.

பெரிய வெள்ளியன்று சூரியன் வருமுன்,
பனி காயுமுன் பறித்தால்தான் மர்சேலா பலிக்கும் என்பார்கள்.
கசாப்புக் கடைகளுக்கும் அன்று விடுமுறை.
சரிவெங்கும் டார்ச் வெளிச்சங்கள், கோணிப்பைகள்,
தும்மல்கள், யாரோ கூப்பிடும் ஒரு பெயர்.
பாதி ஏற்றத்தில் பாறைமேல் உட்கார்ந்திருந்தார்
வால்தேமார்.
மூச்சு விசில் அடித்தது.
எண்ணினேன். என்னையறியாமல் எண்ணினேன்.

"அந்த மாத்திரையையும் போடுங்க" என்றேன்.
"பூவை விட வேண்டாம். அதையும் போடுங்க."
இருட்டில் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
"அப்போ இறங்கல."
"பதினொண்ணு."
"பதினொண்ணு இறக்கம்தானே?"
பதில் இல்லை என்னிடம்.
"நீ என்ன போடுறே?"
திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன்.
ஓ என்றார். அவ்வளவுதான்.
தெர்மாஸைத் திருகித் திறந்தார்.

அவர் உறிஞ்சி முடித்து மறுபடி நிரப்பி
அதே குழலோடு எனக்கு நீட்டினார்.
விரலில் பூ வாசம், அதற்கடியில்
எத்தனை கழுவினாலும் போகாத மாமிச வாசம்.

கசந்தது.
வேலை செய்கிறதா என்பது
மூன்று மாதம் கழித்துத் தெரியும்,
அதுவும் ஐந்தாறு தள்ளி.