ஐந்தாம் சில்லு

கிட்டங்கித் தாம்போதியில் தண்ணீர் ஏறும் மாதங்களுக்காக
கெப்பை நாலு அங்குலம் தூக்கினேன்.
ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை, பெரிய டயர்.
ஹிதாயா ஏறுவதற்கு ஒரு காலை உயர்த்தி
அப்படியே நின்று என்னைப் பார்த்தாள்:
"லீசிங்காரன் வந்தா ஏறமாட்டான்,
அது ஒண்டுதான் லாபம்."

பிறகு வெட்டு மெஷின் வந்தது, பாதிப் பங்கில்.
அதைச் சுமக்க ஒரு ட்ரெயிலர்.
வெறும் கொக்கி தாங்காது என்றான் ஜெஸீல்,
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.
கெப்பின் பெட்டிக்குள், பின் அச்சுக்கு நேர் மேலே,
தோசைக்கல் மாதிரி ஒரு தட்டை இறுக்கினான்.
ட்ரெயிலரின் கழுத்து வந்து அதில் குந்தும்.
"இதுக்குப் பேர் ஐந்தாம் சில்லு."

ஓடாத சில்லு.
மண்ணையே தொடாத சில்லு.
கிரீஸ் தின்னும், இருந்த இடத்திலேயே திரும்பும்.

வண்டி உயர்ந்தால் கழுத்தும் உயரும்.
அதை அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
பாரம் பின்னுக்குச் சரிய
ஐம்பது தாண்டினால் வால் ஆடியது.
சவளக்கடைப் பக்கம் திரும்பும்போது
என் சில்லு போன வழியில் அதன் சில்லு வராது,
உள்ளே வெட்டி யாருடையதோ வேலிக்கட்டையைச் சாய்க்கும்.
இரண்டு கட்டைக்குக் காசு கொடுத்தேன்.
மூன்றாவது வீட்டார் காசு வாங்கவில்லை,
ஆறுதலாக நின்று ஏசினார்.

தை முடிவு. கதிர் பழுத்து நிற்க
ஒருவரும் கேட்காத மழை.
வட்டைக்குள் மெஷின் புதையமுதல் இழுத்தெடுத்து
ஏற்றிக் கட்டிக்கொண்டு திரும்பினேன்.
மூன்று ஏக்கர் வெட்டிய காசு டீசலுக்குச் சரி.
கையாள் பொடியன் காலையிலேயே போய்விட்டான்.
தாம்போதிக்கு மேல் முழங்கால் தண்ணீர்,
ஓரக்கற்களின் வெள்ளைத் தலை மட்டும் வெளியே.

நாற்பது யார் ஏறியிருப்பேன்,
எதிரே ஒரு ட்ரக்டர்.
முக்கால் வழி வந்துவிட்டது.
பெட்டியில் கட்டில், பொலித்தீன் சுற்றிய மெத்தை,
நாலு பக்கமும் கயிறு போட்டு நிமிர்த்திய
ஆளுயரக் கண்ணாடி அலுமாரி.
ஓட்டியவர் தலையில் உரப்பை.
"தவநேசன்" என்றார், பெயரைக் கேட்டது போல.
"மகளுக்கு நாளைக்கு."

அதற்கு மேல் ஹோர்னுக்கு வேலையில்லை.

பின்னுக்குப் போக எல்லாம் எதிர்.
வலம் ஒடித்தால் வால் இடம் போகும்.
பக்கக் கண்ணாடி இரண்டிலும் சேறு.
மெஷின் பின்வானத்தை மறைத்தது.
ஒரு தரம் போனேன், கோணியது.
முன்னுக்கு வந்தேன். இன்னொரு தரம்.
ஓரக்கல் ஒன்று சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போனது.

அப்போதுதான் அவர் கத்தினார்:
"லைட்ட நூருங்க! அலுமாரியப் பாருங்க!"

நூர்த்தேன்.
மகளின் கண்ணாடியில் நான் தெரிந்தேன்,
மூக்கை வானுக்கு நீட்டிய கெப்,
அதன் பின்னால் பிட்டத்தில் குந்திய எருமையாய் ட்ரெயிலர்.
இத்தனை நாளும் இப்படியா
ஊருக்குள் போய்வந்தேன்?

சிரிக்க நேரமில்லை.
முன்னால் பார்த்தபடியே பின்னால் போனேன்.
அவர் விட்டு விட்டு ஊர்ந்து வந்தார்,
என் தூரத்துக்கு அவர் தூரம்.
அலுமாரி குலுங்கினால் தாம்போதியே குலுங்கியது.
கண்ணாடிக்குள் இடது கல் நெருங்க
இடப்பக்கம் கொஞ்சம் ஒடித்தேன்,
வால் விலகியது.
நாற்பது யார்.
என் கலியாணத்துக்குக்கூட
இவ்வளவு நேரம் கண்ணாடி பார்த்ததில்லை.

கரையில் ஒதுங்கியதும் அவர் கடந்தார்.
கை காட்டவில்லை, இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.
கண்ணாடியில் ஒரு துண்டு வானம் என்னைத் தாண்டிப் போனது.

மறுகிழமை ஜெஸீலின் பட்டறை.
கெப்பை இறக்கினால் தாம்போதி விடாது.
ட்ரெயிலரைத் தூக்கினால் காற்று விடாது.
ஹிதாயா லீசிங் கொப்பியால் விசிறிக்கொண்டு
"ரெண்டையும் வித்தா?" என்றாள்.
மட்டம் பார்க்க அவன் நீளமான குழாயில் தண்ணீர் நிரப்பினான்.
ஒரு நுனி கெப்பில், என் கையில்.
மறுநுனி ட்ரெயிலரின் வாலில், அவன் கையில்.
இரண்டு பக்கமும் தண்ணீர் ஏறி இறங்கியது.

"எவ்வளவு?" என்றேன்.

"பொறு," என்றான்.
"அது நிக்கட்டும்."