கடுகமிலம்

சுருட்டைப் பாம்பின் நஞ்சு உலர்ந்தால்
மஞ்சள் தூள்போல இருக்கிறது.
கடித்த பாம்பை உயிரோடு வாளிக்குள் போட்டு
மேலே சுளகு கவிழ்த்துக் கொண்டுவந்தார்கள்.
கடிபட்ட கமலரூபி, அச்சுவேலியில் வெங்காயம் கிண்டப் போனவ,
ஐந்தாம் வார்டில் படுத்திருக்கிறா.

எனக்கு ஒரு மிளகளவு நஞ்சும் வேண்டாம்.
கண்ணில் படாத அளவைக் கரைத்து
சினாப்பிக் அமிலத்தோடு கலந்து
உருக்குத் தகட்டில் ஒரு துளி.

சினாப்பிக் என்ற பெயர் கடுகிலிருந்து வந்தது.
தாளிக்கும்போது வெடிக்கிறது இதுதான் என்று
எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.
பொய். வெடிக்கிறது விதைக்குள் இருக்கும் ஈரம்.
ஆனால் இங்கேயும் கடுகுதான் முதலில் வெடிக்கும்.

சோளகம். யன்னலைச் சாத்தினாலும்
திருநெல்வேலிச் செம்மண் மேசைக்கு வந்துவிடுகிறது.
துளி காய்ந்து பளிங்கு ஊசிகளாகிறது.
ஊசிகளுக்குள் புரதங்கள்,
ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில்.

பிறகு வெற்றிடம்.
பிறகு லேசர்: ஊதாவுக்கு அப்பால் ஓர் ஒளி,
மூன்று நனோசெக்கன்.
புரதம் அதைக் கவனிப்பதில்லை.
கவனித்தால் உடைந்துபோகும்.
அமிலம் அத்தனையையும் தன்மேல் வாங்கிக்கொண்டு
சூடேறி, இருந்த இடம் இல்லாமல்
புகையாய் எழும்புகிறது,
போகிற போக்கில் புரதத்தையும் தூக்கிக்கொண்டு.
முழுசாக.

இதுவரைக்கும் எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள்.
ஏற்றம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வழக்கு.

ஒரு பகுதி சொல்கிறது:
அந்தப் புகையின் நெரிசலில்
அமிலம் தன் புரோத்தனைப் புரதத்திடம் கொடுக்கிறது,
பருத்தித்துறை பஸ்ஸில் நிற்கிறவர்
முன்பின் தெரியாத மடியில்
பையை வைப்பதுபோல.
இறங்கும்போது வாங்க மறந்த பைதான் அயன்.

மற்றப் பகுதி சொல்கிறது:
ஏற்றம் துளி காயும்போதே இருந்தது.
எதிரேற்றமும் கூடவே இருந்தது.
வெடித்து எழும்பியபோது அநேகம்
ஒன்றையொன்று பிடித்துச் சமனாகிப்போயின.
பிடிபடாமல் விடுபட்டதைத்தான் கருவி காண்கிறது.

சமனானதை மின்புலம் இழுக்காது.
அது குழாய்க்குள் பறக்காது, எண்ணிக்கையில் வராது.
பம்பி உறிஞ்சி வெளியே விட்டுவிடும்.
ஆயிரத்தில் ஒன்றோ, பத்தாயிரத்தில் ஒன்றோ
என் திரையில் கோடாகிறது,
கனம் குறைந்தது முந்தி, கூடினது பிந்தி.

இந்த இரண்டாவது கதைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு.
ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கத்தில் அதை
‘அதிர்ஷ்டத்தால் தப்பியவை’ என்று எழுதினேன்.
பக்கத்து மேசை நிதுர்சன் வாசித்தான்.
வட்டுவாகலைக் கடந்தபோது அவனுக்குப் பதினொரு வயது.
ஒன்றும் சொல்லவில்லை.
‘அதிர்ஷ்டத்தால்’ என்ற சொல்லைப்
பென்சிலால் மெல்லிசாக வெட்டி
தாளைத் திருப்பித் தந்தான்.

அப்படியே விட்டிருக்கிறேன்.
வாய்மொழிப் பரீட்சையில் கேட்பார்கள், எது சரி என்று.
ஒவ்வொரு சேர்மத்துக்கும் ஒவ்வொன்று, சில வேளை இரண்டும், என்பேன்.
அது விடையா என்பார்கள்.

மூன்றரைக்குத் திரையைப் பார்த்தேன்.
சின்னப் புரதங்களின் ஒவ்வோர் உச்சிக்கும் பக்கத்தில்
ஒரு குட்டி உச்சி, சரியாக இருபத்திரண்டு கூட.
அது நஞ்சில்லை, சோடியம்.
புரோத்தன் இருக்கவேண்டிய கதிரையில்
எங்கள் கிணற்று உப்பு ஏறி உட்கார்ந்திருக்கிறது.
ஆர் போத்தலைக் குழாய்த் தண்ணியில் கழுவினது
என்று கத்தினேன்.
நான்தான்.

வார்டிலிருந்து செய்தி: இருபது நிமிடமாகியும்
கமலரூபியின் இரத்தம் உறையவில்லை,
இரண்டாம் தரம் மருந்து ஏற்றுகிறார்கள்.

நாலுக்குக் கரண்ட் நிற்கும்.
காய்ச்சி வடித்த தண்ணியில் மூன்றுதரம் அலசி
புதுத் துளி வைத்துச் சுட்டேன்.
குட்டி உச்சி கொஞ்சம் பதிந்தது.
முழுக்கப் போகவில்லை.