ஐந்து, இடமிருந்து வலம்

தடைக்காலத்தின் நாற்பதாம் நாள்.
பாம்பன் ஏலக்கூடத்தில் மீன் இல்லை,
ஈக்கள் மட்டும் பழக்கத்துக்கு வந்துபோயின.
விசைப்படகுச் சங்கத்தில் கேட்டார்கள்:
"வாரப் பத்திரிகையில போடுறீங்களே கட்டம்,
அதை இங்க ஒருநாள் போடுங்க யக்கா,
சனங்க சும்மா உக்காந்து சண்டை போடுது."

ஐஸ் பிளான்ட் பேரேட்டின் பின்பக்கங்களில்தான்
பதினோரு வருடமாகக் குறுக்கெழுத்து கட்டுகிறேன்.
முன்பக்கம் எத்தனை பார், யார் கடன்.
பின்பக்கம் வேறு கடன்:
மெய்யெழுத்துக்கும் ஒரு கட்டம் தரவேண்டும்,
புள்ளி வைத்த எழுத்தில் புதுச்சொல் தொடங்காது.
பாதி ராத்திரி அதிலேயே போகும்.

நீலத் தார்ப்பாயில்
படகுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளையால்
ஒன்பதுக்கு ஒன்பது. கறுப்புக் கட்டங்களுக்குத் தார்.
பையன்கள் தலைகீழாகக் கட்டிவிட்டார்கள்.
ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான்.
அரைச்சுற்று சுற்றினாலும் அதே முகம் வரவேண்டுமென்று
நானே பார்த்துப் பார்த்துச் செய்தது.
ஆறு ஒன்பதாக நின்றபோதுதான் பிடிபட்டது.

மைக்கில் முதல் குறிப்பை வாசித்தேன்.
வாலறுந்த பாம்பு, டீக்கடை பன்னோடு. ஊர். நான்கெழுத்து.
கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
வலை பொத்திக்கொண்டிருந்த காசிலிங்கம் நிமிராமலே
"அட, நாம இருக்குற எடந்தான" என்றார்.
பாம். பன்.
பிறந்ததிலிருந்து பஸ்ஸில் டிக்கெட் கேட்ட பெயரை
அன்றுதான் பிய்த்துப் பார்த்தது போல் சிரித்தது கூடம்.

நடுவுக்குள் மூன்று சுழி புகுந்தால் பக்கவாட்டில் ஓடும்.
நண்டு என்று கத்திய சிறுமிக்குச்
சுழியென்றால் காலை இழுக்கும் நீர்ச்சுழி.
எழுத்தை அவள் நினைக்கவே இல்லை.
அவளுக்கும் மிட்டாய் கொடுத்தேன்.

விலையில் கொக்கியைக் கழற்று, மீன் மாட்டும். இரண்டெழுத்து.
வலை உடனே வந்துவிட்டது.
ஏலம் கூவும் செவத்தியம்மாள் விடவில்லை:
"வெலையில கொக்கி இருக்கது எங்களுக்குத் தெரியும்.
கழட்டுறது எப்புடி, அதச் சொல்லு."
அதற்கு என்னிடம் குறிப்பு இல்லை.

ஐந்து, இடமிருந்து வலம்.
தலை மாறிய "இல்லை", தண்ணீரில் கிடக்கும் கோடு. மூன்றெழுத்து.
கட்டும்போது பெருமையாக இருந்தது.
இ போய் எ வரும், சுத்தமான வேலை.
வாசித்து முடித்தபின் உறைத்தது,
இது மதுரையில் காபியோடு பேனா பிடிக்கிறவர்களுக்காக எழுதியது.
இங்கே விடை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.
ஒருவரும் சொல்லவில்லை.

பெர்க்மான்ஸ் எழுந்து வந்தார்.
அந்தக் கரைச் சிறையில் நான்கு மாதம் இருந்து
மாசியில் திரும்பியவர். படகு திரும்பவில்லை.
பிரஷைக் கேட்டு வாங்கினார்.
இ. ல். லை.

"தலைய மாத்தணுமே அண்ணே."
"மாத்தி மாத்திப் பாத்தாச்சு தாயி.
நான் போன ராத்திரி அங்க கோடு இல்ல.
இருந்திருந்தா மிதிக்காம வந்திருப்பேன்."

குறுக்கே தப்பினாலும்
நெடுக்கே வரும் சொல் காட்டிக்கொடுக்கும்.
அது எங்கள் தொழிலின் போலீஸ்.
கண்ணைக் கீழே இறக்கினேன்.
ஐந்து, மேலிருந்து கீழ்: கூனன், மீசை மட்டும் பெரிசு. இரண்டெழுத்து.
நான் நினைத்திருந்தது எறா.
அவர் இ போட்டதும் அது இறா ஆகி
அலுங்காமல் உட்கார்ந்திருந்தது.
கூடத்தில் எறா, ஏட்டில் இறா, ரெண்டும் வேகும்.
பதினோரு வருடத்தில்
இரண்டு விடை தந்த முதல் கட்டம்,
அதுவும் இருநூறு பேர் முன்னால்.

பரிசு ஒரு டார்ச் லைட். யாருக்கென்று
சங்கத்தில் இன்னும் முடிவாகவில்லை.

பத்திரிகைக்கு அனுப்புமுன் ஐந்தை மாற்ற உட்கார்ந்தேன்.
எலும்பு, எருக்கு, எதுவும் ஒட்டவில்லை.
பேரேட்டைத் திருப்பிக் கடனைப் பார்த்தேன்.

தடை நீங்கிய இரவு அதே தார்ப்பாய்
ஐஸ் பார்களின் மேல் கிடந்தது.
வெள்ளை எழுத்துக்கு அடியில் நொறுங்கும் சத்தம்.
சுருட்ட வந்த லோடுமேன் குனிந்து பார்த்தான்.
"யக்கா, இது ஆறா, ஒம்பதா?"

நீ எந்தப் பக்கம் நிக்கிறே, என்றேன்.