நாலு மணி வேட்டு

லத்தேரி மலையில் கல்குவாரி.
தினமும் நாலு மணிக்கு வேட்டு.
எங்களுக்கு அது கடிகாரம்,
டீத்தண்ணி அடுப்பேறும் நேரம்.

அந்தப் பிள்ளைகள் வந்த முதல் நாள்
வேட்டுச் சத்தம் அடங்கியபோது
விடுதியில் ஒரு பிள்ளையும் இல்லை.
கட்டிலுக்கடியில் ஆறு பேர்,
அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஐந்து,
கோயிலில், பலிபீடத்து வெள்ளைத் துணிக்குள் இரண்டு.
தொண்ணூறு வருஷத்தில் எங்கள் சபையார் எவரும்
அத்தனை வேகமாய் அந்த மேசையைத் தேடி ஓடியதில்லை.

பதினாலாவது சுகிர்தா.
முற்றத்தில் குப்புறக் கிடந்தாள்,
காதில் கை, வாய் மட்டும் திறந்து.
"வாயைத் திறந்து வச்சிருக்கோணும் ரீச்சர்,
இல்லாட்டிக் காது வெடிச்சுப் போகும்."
நான் பி.எட். படித்தவள்.
இது எனக்குத் தெரியாது.

ஜெபமும் ஒழுங்கும் இவர்களைத் தேற்றும் என்று
கமிட்டியிலிருந்து கடிதம் வந்திருந்தது.
இரவு ஜெபத்தில் கண்ணை மூடச் சொன்னேன்.
மூடவில்லை.
"மூடினா அது திரும்ப வருது" என்றான் கஜமுகன்.
எட்டு வயசு. நெற்றியில் திருநீறு.
அழிக்கச் சொல்லவில்லை நான்,
கமிட்டிக்கு எழுதவும் இல்லை.

பிறகு எல்லாரும் கண் திறந்தே ஜெபித்தோம்.
முப்பத்தெட்டு வயசில் முதன்முறையாக
ஜெப வேளையில் பல்லியைப் பார்த்தேன்.
கொசு கடித்துத் தடித்த கால்களைப் பார்த்தேன்.
ஒருத்தியின் விரல்கள் பக்கத்திலிருப்பவளின்
பாவாடை நுனியைப் பிடித்திருந்ததைப் பார்த்தேன்.
ஆண்டவரிடம் என்ன கேட்க வந்தேன் என்பது
மறந்துவிட்டது.

மறுநாள் குவாரிக்குப் போனேன்.
மேஸ்திரி சம்பங்கி பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்.
"வேட்ட நிறுத்த முடியாதும்மா. நூறு குடும்பம் சோறு துன்னுது."
கொஞ்ச நேரம் பாறையையே பார்த்தார்.
"வெக்கறதுக்கு முந்தி மேல செவப்புத் துணி காட்டுவோம்.
யாருனா பாத்துக்கினு இருந்தா தெரியும்."

யாருனா.

மணிக்கூண்டிலிருந்து மலை தெரியும்.
மரப்படி உளுத்தது, வேண்டாம் என்றேன்.
சுகிர்தா பாதிப்படி ஏறியிருந்தாள்.

துணி. கயிறு.
டாண், டாண், டாண்.
கீழே பதின்மூன்று பேரும்
பங்கர் இல்லாத மண்ணில் குந்தி
வாயைத் திறந்துகொண்டார்கள்.
மலை அதிர்ந்தது.
மேலிருந்து அவள் எண்ணத் தொடங்கினாள்:
ஒண்டு, ரெண்டு, மூண்டு...

அங்கே, குத்துகிற சத்தம் கேட்டால்
வந்து விழுவதற்கு ஒரு கணக்கு உண்டாம்.

பதினேழு. பதினெட்டு.
இருபத்தைந்தில் நிறுத்தினாள்.
"விழேல்லை!" என்று கத்தினாள்.
"கல்லு! வெறுங்கல்லு!"

ஒருவரும் நம்பவில்லை.
அடுத்த நாளும் எண்ணினாள், அதற்கடுத்த நாளும்.
மெல்ல மற்றவர்களும் கூட எண்ணினார்கள்,
சின்னவன் ஒருவன் பதினைந்தை விட்டுவிட்டு.
ஆடி பிறந்த வாரம்
கஜமுகன் பன்னிரண்டோடு எழுந்து
டீக்கு ஓடிவிட்டான்.

இப்போது ஞாயிறு ஆராதனைக்கும் அவள்தான் அடிக்கிறாள்.
அன்றைக்குக் குவாரி லீவு.
ஆனாலும் முதலில் மலையைப் பார்த்துவிட்டுத்தான்
கயிற்றைத் தொடுகிறாள்.
அடித்து முடித்ததும் உதடு அசைகிறது.
ஜெபமா, எண்ணிக்கையா?
நான் கேட்டதில்லை.