கடையாலில் ஐம்பத்துமூன்று கிலோ

வாடை தொடங்க இன்னும் பத்து நாள் என்றார்கள்.
கடலின் நிறம் வேறு சொன்னது.
வெள்ளிக்கிழமையே சபூர்தீனின் பிக்கப்பைப் பேசி
இரவல் ட்ரெய்லரில் போட்டை ஏற்றினோம்,
குச்சவெளியிலிருந்து கொட்பேக்கு.

எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போவம் என்றேன்.
வின்சலாஸுக்குத் தோள் இன்னும் சுகமில்லை.
ஐம்பத்துமூன்று கிலோவை இறக்க
இன்னொரு ஆள் வேண்டும்,
அந்த ஆளுக்கு இரண்டாயிரம் வேண்டும்.
"கிடக்கட்டும், வடிவாக் கட்டுவம்" என்றார்.

போன வருசமும் வடிவாகத்தான் கட்டினோம்.
எஞ்சினை நிமிர்த்தி அதன் சொந்தக் கொக்கியிலே விட்டோம்,
கொக்கி இருக்கிறதுதானே என்று.
கரையில் சும்மா நிற்கையில் பிடிக்கிற கொக்கி அது.
குழிக்குக் குழி குதிக்கிற பாரத்தை
அது பிடிக்காது என்பதை
சாம்பல்தீவுப் பாலத்தில் கேட்டோம்.
ஒரு சத்தம்,
யாரோ பின்னால் தேங்காய் உடைத்த மாதிரி.
இறங்கிப் பார்த்தால் பின்பலகையில் ஒரு கோடு,
லீசிங் கந்தோரில் நான் வைத்த கையெழுத்தைவிட நீளம்.

போட் என் பெயரில்.
கோடும் என் பெயரில்தான்.

இந்த முறை அபிஷ்னாவின் மட்டையை அறுத்தேன்.
பிடி முறிந்து ஒரு மாதமாய்
கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்த மட்டை.
எஞ்சின் காலுக்கும் கவ்விக்கும் நடுவே
சாய்வாய் இறங்கி, ஒரு தட்டில்
உட்கார்ந்துகொண்டது.
அதற்குமேல் லொறிக்காரரின் செம்மஞ்சள் பட்டி,
கடகடவென்று ஒவ்வொரு பல்லாய் இறுக்கினோம்.
எண்ணெய்க் குழாயைக் கழற்றிச் சுருட்டியாயிற்று.
காத்தாடிக்கு உரப்பை, உரப்பைக்கு ஒரு சிவப்புத் துணி.
எல்லாம் போய்விட்டாலும் மிஞ்சட்டும் என்று
கடைசியாய் ஒரு சங்கிலி.
கவ்வித் திருகு இரண்டையும்
அவர் நல்ல கையால் முறுக்கினார்.
அதன்பிறகும் என் கைக்கு
அரைச் சுற்று கிடைத்தது.
இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

அவர் முன்னால், சபூர்தீனோடு.
நான் பின்தட்டில், பின்னோக்கி,
எஞ்சினுக்கு முகம் காட்டி.
இறக்கக்கண்டி போனது. நிலாவெளி போனது.
ஹோட்டல் வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை
போட்டுக்குக் கை காட்டியது.
நான் காட்டவில்லை,
என் கண் பட்டியில்.
பஸ்ஸுக்கு ஒதுங்கியபோது ஒரு தாவல்,
மாட்டுக்கு நிறுத்தியபோது ஒரு தாவல்.

பாலத்துக்கு முன்னால் கூரையில் தட்டினேன்.
நிறுத்தினார்கள்.
பட்டியில் மூன்று பல் தளர்ந்திருந்தது.
வின்சலாஸ் இறங்கி வந்து பார்த்தார்.
"நீ தட்டினது நல்லது" என்று
எஞ்சினுக்குச் சொல்வது போலச் சொன்னார்.
மூன்று பல்லும் ஏறின. நாலாவதும்.

பாலம்.
சபூர்தீன் நத்தை மாதிரி ஏற்றினார்,
பின்னால் ஒரு மோட்டார்சைக்கிள் கத்திக்கொண்டே இருந்தது.
முதல் சில்லு. பிறகு மற்றது.
உரப்பைக்குள் காத்தாடி தலையாட்டியது, அவ்வளவுதான்.
அந்தப் பக்கம் இறங்கிய பிறகுதான்
என் வாயில் முந்தானை இருப்பது தெரிந்தது.

கொட்பேயில் தண்ணீர் தட்டையாய்க் கிடந்தது,
எங்கள் பக்கத்துக் கடலுக்கு
உறவு என்று சொல்ல முடியாத தண்ணீர்.
கட்டையைத் தட்டி எடுத்தேன்.
இரு பக்கமும் பள்ளம்,
பெருவிரல் நுழையும் ஆழம்.
பின்பலகையின் பழைய கோட்டை
நகத்தால் தடவிப் பார்த்தேன்.
நேற்று எவ்வளவோ அவ்வளவே.

பின்னேரம் அபிஷ்னா போன் எடுத்தாள்.
கோழியெல்லாம் வெளியில் நிக்குது, என்ர மட்டை எங்க?
என்னோட கடலுக்கு வந்திட்டுது என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
அவுட்டா, என்றாள்.